நெசவாளர் இல்லாத நெசவாளர் வீடுகள்: பிரிட்டனின் ‘அழகிய சிற்றூர்’ என்னும் பிரதி

பிரிட்டனில் பார்த்தே தீர வேண்டிய அழகான சின்ன ஊர்கள் என்று பத்தோ இருபதோ முப்பதோ பட்டியல் போடும் எழுத்து வகை ஒன்று இருக்கிறது. ஞாயிறு இணைப்பிதழ், விமானக் கம்பெனிப் பத்திரிகை, வழிகாட்டி நூல், சுற்றுலாத் துறைப் பிரசுரம் என எங்கும் ஒரே பட்டியல்தான் கொஞ்சம் கலைத்துப் போடப்பட்டு வருகிறது. லேவனம், ரை, பைபரி, சிப்பிங் காம்ப்டன், செயின்ட் ஐவ்ஸ், விட்பி. இவற்றில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்துவைத்து ஒரு மூச்சில் வாசித்தேன். ஊர்ப்பெயரை விரலால் மறைத்துக்கொண்டால் எந்த ஊரைப் பற்றிய வாக்கியம் என்று சொல்ல முடியவில்லை. தேன் நிறக் கல், வளைந்து போகும் தெரு, கோணல் மரச்சட்டம், ஜன்னலில் பூந்தொட்டி, தேநீர்க் கடை, அப்புறம் அந்த அமைதி. பெயரடைகள் எல்லா ஊருக்கும் பொதுச்சொத்தாகிவிட்டன.

இதற்கெல்லாம் போய் ஒரு சிற்றிதழில் பக்கம் ஒதுக்கணுமா என்று தோழர்கள் கேட்கக்கூடும். ஒதுக்கணும் என்றே நினைக்கிறேன். இலக்கியம் என்று யாரும் மதிக்காத எழுத்தில்தான் கருத்துநிலை வேஷம் கட்டாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். ரொலான் பார்த் 1957இல் வெளிவந்த தனது ‘புராணங்கள்’ நூலில் ‘ப்ளூ கைடு’ என்ற வழிகாட்டி நூலை எடுத்துக்கொண்டு, மலையும் தேவாலயமும் மட்டுமே கண்ணில் படுகிற அந்தப் பார்வைக்கு மனிதர்கள் வெறும் மாதிரி உருக்களாக மட்டும் தெரிவதைக் காட்டினார். ஆங்கிலச் சிற்றூர்ப் பட்டியல் அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டது. இங்கே மனிதர் மாதிரி உருவாகக்கூட இல்லை. வீடு இருக்கு, வீட்டுக்காரர் இல்லை.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வழி சொல்லும் எழுத்து என்றதுமே ஆற்றுப்படை ஞாபகம் வரும். சிறுபாணாற்றுப்படையில் பரிசு வாங்கி வந்தவன் பரிசு வாங்கப் போகிறவனுக்கு வழி சொல்கிறான். எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டுச் சுட்ட மீன், வேலூரில் எயினர் தரும் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் உழவர் வீட்டு வெள்ளைச் சோறும் நண்டும். ஊர் என்றால் அங்கே யார் இருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள், என்ன தின்கிறார்கள் என்பதுதான் முதல் தகவல். தொல்காப்பியர் கருப்பொருள்களை அடுக்கும்போது தொழிலுக்கு வைக்கும் பெயரே ‘செய்தி’. ஆற்றுப்படையும் புரவலனைப் புகழ்கிற எழுத்துதான், அதை ரொம்பவும் புனிதப்படுத்த வேண்டாம். ஆனாலும் அது பசித்தவன் பசித்தவனுக்குச் சொல்லும் வழி. பட்டியலிலோ வயிறு நிறைந்தவர் வயிறு நிறைந்தவருக்குச் சொல்கிறார். முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் அங்கே ஏராளமாக உண்டு; செய்தி மட்டும் கிடையாது.

பட்டியல்காரர்களுக்கு மிகவும் பிடித்த சொற்றொடர் ‘காலம் நின்றுபோன ஊர்’ என்பது. காலம் எந்த ஊரிலும் நிற்காது. இந்த ஊர்களில் நின்றுபோனது வேலை. வேலை நின்ற பிறகு வீட்டை இடித்துக் கட்டக் காசில்லாமல் போனதால்தான் பழைய வீடு பழைய வீடாகவே நிற்கிறது. இந்தச் சின்ன விஷயத்தை மறைப்பதற்குத்தான் அத்தனை பெயரடைகள்.

லேவனத்தையே எடுத்துக்கொள்வோம். சஃபோக்கில் இருக்கும் இந்த ஊரில் முந்நூறுக்கும் மேற்பட்ட பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் இருக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1524ஆம் ஆண்டு வரிக்கணக்கின்படி, இது இங்கிலாந்தின் முதல் இருபது பணக்கார ஊர்களில் ஒன்று. நீலச் சாயம் ஏற்றிய கம்பளித் துணிக்குப் பேர்போனது. அந்த உச்சத்திலிருந்து ஒரே வருஷம் தள்ளிப் பாருங்கள். 1525இல் எட்டாம் ஹென்றி பிரான்ஸோடு சண்டை போடுவதற்காக, கார்டினல் உல்சி மூலம், பாராளுமன்றத்தைக் கேட்காமல் ஒரு வசூலை ஏவிவிட்டார். அதற்கு வைத்த பெயர் ‘அன்பு மானியம்’ என்ற அர்த்தத்தில் வரும். அதிகாரத்தின் நகைச்சுவை உணர்வு எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. துணி முதலாளிகள், எங்களால் வரியும் கட்டி கூலியும் தர முடியாது என்று வேலையை நிறுத்த, நெசவாளர்களும் நூற்பவர்களும் சாயக்காரர்களும் ஆயிரக்கணக்கில் லேவனத்தில் திரண்டார்கள். தேவாலய மணியை அடித்து ஊரைக் கூட்டுவதாகத் திட்டம். ஒரு துணி வணிகர் மணிகளின் நாக்கைக் கழற்றி வைத்துவிட்டார் என்று சொல்வார்கள். அடக்க வந்த பிரபு உங்கள் தலைவன் யார் என்று கேட்டபோது, வறுமைதான் எங்களுக்குத் தலைவன் என்ற பொருளில் பதில் வந்ததாகப் பழைய வரலாற்றுக் குறிப்பு இருக்கிறது. ராஜா வசூலைக் கைவிட்டார்.

ஒரு அரசனைப் பின்வாங்க வைத்த ஊர் இது. பட்டியல்களில் இது பெரும்பாலும் ‘ஹாரி பாட்டர்’ படத்தில் வந்த வீடு இருக்கும் ஊர். பிறகு கால்செஸ்டரில் குடியேறிய டச்சு நெசவாளர்களின் இலேசான, மலிவான துணி வந்தது. லேவனத்தின் கனத்த துணி படுத்துவிட்டது. ஊருக்கு நடுவில் எல்லாரும் நின்று படம் எடுக்கிற கில்டு மண்டபம் பின்னாளில் சிறையாகவும், ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் விடுதியாகவும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே குதிரை மயிரில் துணி நெய்து பிழைத்திருக்கிறார்கள். கோணல் வீடுகளின் கோணலுக்குக்கூட ஒரு தொழில் காரணம் இருக்கிறது: காயாத பச்சை மரத்தில் அவசர அவசரமாகக் கட்டினார்கள், மரம் காயக் காய முறுக்கிக்கொண்டது. இன்று வெளியே தெரியும் சட்டங்களில் பலவும் முன்பு சுண்ணாம்புப் பூச்சுக்குள் இருந்தவை. பழமை தெரியட்டும் என்று பின்னால் வந்தவர்கள் பூச்சைச் சுரண்டி எடுத்தார்கள். அதாவது ‘மாறாத ஊர்’ என்கிற பிரதி, பலமுறை திருத்தி எழுதப்பட்ட பிரதி. இன்றைக்கும் ஜன்னல் சட்டத்தை மாற்றவோ டிஷ் ஆன்டெனா வைக்கவோ அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கிற அளவுக்குச் சட்டம் அந்த ‘மாறாமை’யை உழைத்து உழைத்துக் காப்பாற்றுகிறது. 1947இன் நகர், ஊரமைப்புச் சட்டம், 1967இன் பாதுகாப்புப் பகுதிச் சட்டம் எல்லாம் சேர்ந்து எழுதிய அழகு அது.

பைபரி இன்னும் சுலபமான உதாரணம். காட்ஸ்வோல்ட்ஸ் என்று சொல்லப்படும் சுண்ணாம்புக்கல் மேட்டு நிலத்தில் இருக்கிறது. ஆர்லிங்டன் ரோ என்னும் அந்த வரிசை வீடுகள் பதினான்காம் நூற்றாண்டில் மடத்துக்காரர்களின் கம்பளிக் கிடங்கு. பதினேழாம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாகத் தடுக்கப்பட்டன. முன்னால் இருக்கும் ஈர நிலத்துக்கு ராக் ஐல் என்று பெயர், நெய்த துணியைச் சட்டத்தில் மாட்டிக் காயப்போட்ட இடம் என்பதால். இந்த வரிசையின் படம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் உள்ளட்டையிலேயே வந்திருக்கிறது. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, பெட்ரோல் பங்கிலும் மூலைக்கடையிலும் ராப்பகலாக நின்று, அந்தப் பாஸ்போர்ட்டுக்காக வருஷக்கணக்கில் காத்துக்கிடந்த ஈழத்து ஆட்களுக்கு அந்த நெசவாளர் வீடுகளைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்களா தெரியாது.

அந்த வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் வசித்த ஒரு வயோதிகர் தன் வீட்டு வாசலில் மஞ்சள் நிறக் கார் நிறுத்துவார். படம் கெட்டுப்போகிறது என்று சுற்றுலாவாசிகள் புலம்ப, 2017இல் யாரோ அந்தக் காரின் கண்ணாடிகளை உடைத்து, எடு இதை என்று முன்மூடியில் கீறிவிட்டுப் போனார்கள். பிறகு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மஞ்சள் கார்க்காரர்கள் அவருக்கு ஆதரவாக ஊர்வலம் வந்தது வேறு கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கீறல். அழகிய சிற்றூர் என்னும் பிரதியின் மிகச் சுருக்கமான வடிவம் அந்தக் கீறல்தான். அங்கே குடியிருப்பவரின் கார் அசிங்கம். அதைப் பார்க்க வரும் பேருந்து அசிங்கமில்லை.

ஹென்றி ஃபோர்டு ஆர்லிங்டன் ரோவை அப்படியே வாங்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டதாகக் கதை உண்டு. அது கதையோ நிஜமோ, பக்கத்துச் செட்வர்த் ஊரிலிருந்து ஒரு கல் வீட்டைப் பிரித்து 1930இல் டியர்போர்னில் தன் அருங்காட்சியக கிராமத்தில் நட்டுவைத்தது நிஜம். அசெம்பிளி லைன் முதலாளிக்குக் கைவேலை வீடு வேண்டியிருக்கிறது. உற்பத்தியில் எதை ஒழித்தாரோ அதையே காட்சிப் பண்டமாகத் திரும்ப வாங்குகிறார்.

நம்முடைய ஆட்கள் யாராவது இந்த ஊர்களை ‘எதிர் வாசிப்பு’ செய்யக் கிளம்பினால் உடனே கைக்கு வருவது கொள்ளை. அதில் தப்பில்லை, சாட்சியம் ஏராளம். மோர்டன்-இன்-மார்ஷ் ஊருக்குப் பக்கத்தில் செசின்கோட் என்றொரு மாளிகை. கம்பெனியில் சம்பாதித்த சார்லஸ் காக்கரெலுக்காக 1805 வாக்கில் முகலாய பாணியில், வெங்காயக் குவிமாடத்தோடு கட்டியது. தோட்டத்துப் பாலத்தில் நந்திகள் உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்திலேயே டேல்ஸ்ஃபோர்டு, வாரன் ஹேஸ்டிங்ஸ் திரும்பி வந்து உட்கார்ந்த இடம். வேல்ஸில் வெல்ஷ்பூல் என்ற சின்ன ஊருக்கு மேலே பவிஸ் கோட்டை இருக்கிறதே, அதில் திப்புவின் கூடாரமும் அவர் சிம்மாசனத்துப் புலித்தலை ஒன்றும் இருக்கின்றன. அவை அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ், பவிஸ் குடும்பத்தில் பெண் எடுத்தவர். அவர் 1798 முதல் 1803 வரை சென்னையில் கவர்னர். 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டதும் அவர் காலத்தில்தான். சென்னையில் பின்னாளில் நம் முதலமைச்சர்களின் உடல்களைக் கிடத்திவைத்த ராஜாஜி ஹால், திப்புவை வென்றதன் நினைவாக அவர் கட்டிய விருந்து மண்டபம். 2020இல் நேஷனல் ட்ரஸ்ட் தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்குக் காலனியத்தோடும் அடிமை வணிகத்தோடும் உள்ள தொடர்பை ஒரு அறிக்கையாக வெளியிட்டபோது, எங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுக்கிறார்கள் என்று அங்கே பெரிய கூப்பாடு எழுந்தது.

இதெல்லாம் சரி. ஆனால் இந்த வாசிப்போடு நிறுத்திக்கொள்வது நமக்கு ரொம்பச் சௌகரியமாக இருக்கிறது. அவன் திருடன், நாம் பறிகொடுத்தவர்கள், ஆட்டம் முடிந்தது. மாளிகைக்கு இது பொருந்தும். நெசவாளர் வீட்டுக்குப் பொருந்தாது. அதோடு, அந்தச் சிற்றூர் அழகைத் தயாரித்த பட்டறையில் நம் ஆள் ஒருவரும் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார் என்பதை இந்தக் கணக்கு விட்டுவிடுகிறது. அது சிப்பிங் காம்ப்டன் பட்டறை. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காம்ப்டனும் கம்பளி ஊர்தான். 1401இல் இறந்த வில்லியம் கிரெவல் என்ற வணிகரை, இங்கிலாந்தின் கம்பளி வணிகர்களுக்கெல்லாம் மலர் போன்றவர் என்கிற மாதிரி தேவாலயத்துப் பித்தளைத் தகட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். கம்பளிக்காக ஆட்டை விட்டு ஆளைத் துரத்திய கதைக்கு, ஆடு மனிதரைத் தின்கிறது என்று தாமஸ் மோர் 1516இல் ‘உட்டோப்பியா’வில் புலம்பியதே சாட்சி. தகட்டில் ஆட்டுக்கும் இடமில்லை, ஆளுக்கும் இடமில்லை. கம்பளி போன பிறகு ஊர் தூங்கிவிட்டது. 1902இல் அந்தத் தூக்கத்துக்குள் லண்டன் கிழக்கு முனையிலிருந்து தொழிலாளர்களும் குடும்பங்களுமாக நூற்றைம்பது பேர் போல வந்து இறங்கினார்கள். சி.ஆர். ஆஷ்பீ 1888இல் தொடங்கிய கைவினைக் கில்டு அது. வெள்ளி வேலை, மரவேலை, இரும்பு வேலை, அச்சு வேலை. நகரத்தைவிட்டுப் போகலாமா என்று ஓட்டெடுத்து முடிவு பண்ணி வந்தவர்கள். ஷீப் தெருவில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பட்டு ஆலையில் பட்டறை போட்டார்கள்.

ஆஷ்பீக்குப் பின்னால் இருந்தவர் வில்லியம் மாரிஸ். பைபரியை இங்கிலாந்திலேயே மிக அழகான கிராமம் என்று மாரிஸ் சொன்னதாகப் பட்டியல்கள் தவறாமல் எழுதுகின்றன; அவர் சோஷலிஸ்ட் என்பதைத் தவறாமல் விட்டுவிடுகின்றன. மாரிஸ் அந்தக் கல் வீடுகளில் பார்த்தது வேலை செய்த கையை. உழைப்பு சந்தோஷமாக இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்கிற சாட்சியாக அவற்றைப் படித்தார். பழையதைச் சுரண்டிப் புதுப்பிக்காதே என்று 1877இல் அவர் ஒரு சங்கம் தொடங்கியதும் அதனால்தான்: கல்லைச் சுரண்டினால் கையின் சுவடு போய்விடும். அந்த வாசிப்பில் ஒரு கனவுப் பிசகு இருக்கத்தான் செய்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு முந்தின தலைமுறையில்தான் நல்ல கிராமம் இருந்தது என்று சொல்லிக்கொண்டே பின்னோக்கிப் போகிறது என்று ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் ‘நாட்டுப்புறமும் நகரமும்’ நூலில் எடுத்துக் காட்டினார். 1525இன் லேவனம் நெசவாளர் சந்தோஷமாக இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் மாரிஸின் பார்வையில் கை இருந்தது. பட்டியல் அவரிடமிருந்து அழகை எடுத்துக்கொண்டு கையை வெட்டிவிட்டது.

இங்கேதான் ஆனந்த குமாரசுவாமி வருகிறார். 1877இல் கொழும்பில் பிறந்தவர், அப்பா சர் முத்துக்குமாரசுவாமி, ஈழத்துத் தமிழர், வழக்கறிஞர், அம்மா ஆங்கிலேயர். இங்கிலாந்தில் வளர்ந்து, நிலவியல் படித்து, இலங்கையில் கனிம ஆய்வுத் துறையில் வேலை பார்த்தபோது கைவினைஞர்களின் பக்கம் திரும்பினார். அவருடைய முதல் மனைவி எதெல் பார்ட்ரிட்ஜ். எதெலின் சகோதரர் ஆஷ்பீயின் கில்டில் நகை செய்தவர். 1907இல் இருவரும் காம்ப்டனை ஒட்டிய பிராட் காம்ப்டனில் குடியேறினார்கள், நார்மன் காலத்துத் தேவாலயம் ஒன்றை ஆஷ்பீ வீடாக மாற்றிக் கட்டிக்கொடுத்த இடத்தில். மாரிஸ் தன் புத்தகங்களை அச்சடித்த அதே கை அச்சுப்பொறி அங்கே வந்து சேர்ந்தது. அதில்தான் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ 1908இல் அச்சானது. மொத்தம் 425 பிரதிகள். கண்டி நாட்டுக் கைவினைஞர்களையும், காலனிய வணிகம் அவர்களை எப்படிக் கொன்றது என்பதையும் சொல்லும் புத்தகம் ஒரு ஆங்கிலச் சிற்றூரில், ஒரு ஆங்கில சோஷலிஸ்டின் அச்சுப்பொறியில், ஏழை வாங்க முடியாத விலையில் அச்சாகிறது. முரண்பாடு என்று சிரித்துவிட்டுப் போகலாம். நான் அப்படிப் போகமாட்டேன். நடராசரை, சோழர் செப்புத் திருமேனிகளை நாம் இன்று ‘கலை’ என்று பார்க்கும் பார்வைக்கு இந்தப் பிராட் காம்ப்டன் வழியாக ஒரு பாதை வருகிறது. ‘சிவ நடனம்’ எழுதியவர் அந்தப் பட்டறையில்தான் கண் பழகினார். நம் மரபின் அழகை நமக்குச் சொல்லிக்கொடுத்த கண்ணாடியில் காட்ஸ்வோல்ட்ஸ் கல்லின் தேன் நிறம் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

அடுத்த வருஷமே, 1909இல், ‘இந்தியக் கைவினைஞன்’ வருகிறது. முன்னுரை ஆஷ்பீ. கிராமத்துக் கைவினைஞனுக்கு நிலத்தில் பங்கு, விளைச்சலில் பங்கு, தலைமுறை தலைமுறையாகத் தொழில், சந்தையின் அலைக்கழிப்பு இல்லை என்று குமாரசுவாமி விவரித்துக்கொண்டு போகிறார். ஆஷ்பீயின் கில்டில் கிழக்கு லண்டன் பையன் ஒருவன் விருப்பப்பட்டு வந்து சேரலாம், பிடிக்கவில்லையென்றால் போகலாம், ஓட்டுப் போடலாம், கம்பெனியில் பங்கும் வைத்திருக்கலாம். அந்தக் கில்டு கப்பலேறி இந்தியா வந்தபோது சாதியாகிவிட்டது. யார் தொட்டால் உளி தீட்டு, யார் தச்சனாக முடியாது, கம்மாளத் தெருவுக்குள் யாருடைய கால் படக்கூடாது என்ற கேள்விகளை அந்த அழகியல் கேட்பதில்லை. சந்தை இல்லாத கிராமத்தைப் பார்த்துப் பரவசப்படும்போது சேரி கண்ணில் படாமல் போவது தற்செயல் இல்லை. பைபரியில் நெசவாளரை அழித்துவிட்டு வீட்டை மட்டும் பார்க்கும் பட்டியல்காரரும், இங்கே கைவினைஞரை மட்டும் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்கு அப்பால் யார் என்று பார்க்காத குமாரசுவாமியும் ஒரே ஆள் இல்லைதான். குமாரசுவாமி எவ்வளவோ மேல். அவர் கையைப் பார்த்தார். அந்தக் கை யாருக்குக் கிடைக்காது என்று பார்க்கவில்லை.

(இதில் எதெலை யாரும் பேசுவதில்லை. இலங்கையில் படமெடுத்தவர் அவர். பிறகு பிரிந்து, மறுமணம் செய்து, எதெல் மாரெட் என்ற பெயரில் இருபதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் முக்கியமான கைத்தறி நெசவாளராக ஆனார். 1916இல் தாவரச் சாயங்கள் பற்றி நூல் எழுதினார். கம்பளி ஊரில் தறி செத்து வெகு காலம் கழித்து, தறியைத் திரும்ப எடுத்த பெண் இலங்கை வழியாக வந்திருக்கிறார். இதைத் தனியாக யாராவது எழுத வேண்டும்.)

கில்டு 1907இல் கடையைக் கட்டியது. லண்டன் சந்தை தூரம். அவர்கள் வடிவங்களைப் போலவே இயந்திரத்தில் செய்து பாதி விலைக்கு விற்கும் கடைகள் லண்டனில் வந்துவிட்டன. சிலர் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். கில்டுக்காரர் ஒருவரின் வழிவந்தவர்கள் அதே பட்டு ஆலையில் வெள்ளி வேலையைத் தொடர்ந்து செய்துவந்தார்கள். ஆனால் எனக்கு இன்னொரு விஷயம் உறுத்துகிறது. கில்டு வந்து இறங்கியபோது ஊர்க்காரர்களிடம் ஒரு கசப்பு இருந்தது. பண்ணைக் கூலியைவிட அதிக வாடகை தரக்கூடிய லண்டன்காரர்கள் வந்துவிட்டார்கள், வீடு கிடைக்கவில்லை என்று. எளிய வாழ்க்கையைத் தேடி வந்த சோஷலிஸ்டுகளே உள்ளூர் ஏழைக்கு வாடகை ஏற்றியவர்களாக ஆனார்கள். நூறு வருஷத்துக்கு அப்புறம் இந்த ஊர்கள் எல்லாவற்றையும் ஆட்டி வைக்கிற விஷயம் அன்றைக்கே காம்ப்டனில் சின்ன அளவில் நடந்துவிட்டது.

செயின்ட் ஐவ்ஸில் மீன்பிடி படுத்த பிறகு வலைக் கொட்டகைகளும் பாய்மரக் கொட்டகைகளும் ஓவியர்களின் பட்டறைகள் ஆயின. ஓவியர்களுக்குப் பின்னால் சுற்றுலா, சுற்றுலாவுக்குப் பின்னால் விடுமுறை வீடு வாங்குகிறவர்கள். 2016இல் அங்கே நடந்த வாக்கெடுப்பில், புதிதாகக் கட்டும் வீடுகளை நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்பதற்கு ஆதரவாக எண்பது சதவீதத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது. 2022இல் விட்பி ஊரும் அதையே கேட்டது, தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல். வேல்ஸில் இந்தக் கோபம் ஓட்டுப் பெட்டியோடு நிற்கவில்லை. 1979இல் தொடங்கி 1990களின் தொடக்கம்வரை ஆங்கிலேயர்களின் விடுமுறை வீடுகள் இருநூறு போல எரிக்கப்பட்டன. 2023 ஏப்ரலிலிருந்து இரண்டாவது வீடுகளுக்கு உள்ளாட்சி வரியோடு முந்நூறு சதவீதம்வரை கூடுதலாக விதிக்கலாம் என்று வேல்ஸ் அரசு வழி செய்தது. பட்டியல்காரர் ‘மாலையில் ஆளரவமற்ற, நிம்மதியான தெருக்கள்’ என்று எழுதும்போது, விளக்கு எரியாத அந்த வீடுகள் ஏன் எரியவில்லை என்று கேட்டால் அவருடைய வாக்கியம் உடைந்துவிடும்.

சுற்றுலாவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. வேலை போன ஊரில் தேநீர்க் கடையும் ஒரு வேலைதான். தங்கும் விடுதியில் படுக்கை விரிப்பை மாற்றுகிற பெண்ணுக்கும் அதில்தான் சம்பளம். ஆனால் அவர் அந்த ஊரில் குடியிருக்க முடியவில்லை என்பதே விஷயம். காம்ப்டன் ரயில் நிலையத்தை 1966இல் மூடினார்கள், லேவனத்துக்கு வந்த ரயில் 1961இல் நின்றது. கார் இல்லாதவர் வேலைக்கு வருவதே ஒரு பயணக் கட்டுரை.

பட்டியலில் வராத ஓர் ஊர் சொல்கிறேன். காம்ப்டனைப் போலவே அதே குளோஸ்டர்ஷயரில், அதே கல்லில் கட்டிய ஊர் ஸ்ட்ரவுட். பள்ளத்தாக்குகளில் தண்ணீர் ஓடியதால் ஆலைகள் வந்தன, ஆலை வந்ததால் புகை வந்தது, புகை வந்ததால் அழகு போச்சு. பிரிட்டிஷ் சிப்பாயின் சிவப்புச் சட்டைத் துணி இங்கே சாயமேறியது. கிழக்கிந்தியக் கம்பெனியும் இந்த வட்டாரத்துத் துணியைக் கப்பலேற்றியது. 1825இல் கூலிக்காக இங்கே நெசவாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், கலவரம் ஆனது, ராணுவம் வந்தது. 1834இல், அடிமை முறை ஒழிப்புச் சட்டம் அமலான வருஷம், ஊருக்கு வெளியே ஒரு பணக்காரர் தன் மாளிகைக்குப் போகும் வழியில் அடிமை ஒழிப்பு நினைவாகக் கல் வளைவு ஒன்று கட்டினார். மாளிகை இடிந்து அந்த நிலத்தில் சாதாரண வீடுகள் வந்துவிட்டன. வளைவு மட்டும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆலைகளில் பெரும்பாலானவை போய்விட்டாலும் இந்த நூற்றாண்டிலும் அங்கே கம்பளித் துணி நெய்திருக்கிறார்கள். டென்னிஸ் பந்தின் மேல் ஒட்டும் மஞ்சள் துணியும், பில்லியர்ட்ஸ் மேசையில் விரிக்கும் பச்சைத் துணியும்.